அடி மூட்டை

கிடங்கில் கிழிந்த மூட்டைகளைத் தைக்கிறவள் என்பதால் அவளுக்கு ஊசிக்காரி என்றே பேர். வாயும் பேருக்கேற்ற வாய்தான். ஆனால் அன்றைக்கு அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூலி விவகாரம் பார்க்கும் அதிகாரி வந்திருந்தார். தைக்கிற பெண்களுக்கும் தூக்குகிற ஆண்களுக்குச் சமமாகக் கூலி கொடுக்கலாமா என்று தொழிலாளிகளையே கேட்டு மேலிடத்துக்கு எழுதப்போகிறாராம்.

முதலில் எழுந்தது அவள் புருஷன்.

“நாங்க மூட்டை அடுக்குறவங்க சார். எங்களுக்குத் தெரியாதா? மேல ஒரு மூட்டை கூடுதலா வச்சா அடி மூட்டை பிதுங்கும். பொம்பளைங்களுக்கு ஏத்துனா எங்க கூலிதான் பிதுங்கும். முதலாளி பாவம், எங்க போவாரு?”

ஆண்கள் தலையாட்டினார்கள். அடுக்கு அவர்கள் தினமும் கண்ணால் பார்ப்பது. முதலாளி புதிதாய்க் கட்டிய இரண்டாவது கிடங்கும் கண்ணெதிரேதான் நின்றது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

“எங்க சித்தப்பா பையன் இருந்த எடத்துல கூலி ஏத்துனாங்க, மறு மாசமே மூடிட்டாங்க,” என்றான் இன்னொருவன். அது தீப்பிடித்து மூடிய இடம். அதை அவனே போன வருஷம் சொல்லியிருந்தான்.

அதிகாரி கை தூக்கச் சொன்னார். பெண்கள் கொஞ்சப் பேர். அவர்கள் கை அவர் கண்ணில் பட்டதோ இல்லையோ. வேண்டாம் என்று முதலில் எழுந்த கை புருஷனுடையது. காலையில் அவள் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட தோளிலிருந்துதான் அது எழுந்தது.

அதிகாரி போனதும் கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“என்ன அண்ணி?” என்றாள் கூடத் தைக்கும் நாத்தனார்.

“ஒண்ணுமில்ல. பிதுங்கட்டும்.”

பெண்கள் எல்லோரும் தைப்பதை நிறுத்திவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் லாரி வந்தது. கிழிந்த மூட்டையை லாரிக்காரன் ஏற்றமாட்டான். ஏறாத மூட்டைக்குத் தூக்குகிறவனுக்குக் கூலி கிடையாது. அந்தக் கிடங்கின் வழக்கம் அது. லாரி அரை வயிற்றோடு கிளம்பிப் போனது.

புருஷன் வேர்வையைத் துடைத்தபடி வந்தான். இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்தாள்.

“பாத்தியா? அப்பவே சொன்னேன்ல. பொம்பளைங்க கூலின்னு பேச்செடுத்தாங்க, எங்க கூலி பாதியாப் போச்சு.”

“அண்ணன் சொன்ன மாதிரியே ஆயிடுச்சே,” என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

“இன்னும் ஏத்தவே இல்லையேங்க,” என்றாள் ஊசிக்காரி.

“ஏத்தாததுக்கே இந்தக் கதி. ஏத்தியிருந்தா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசிக்காரிக்கு வரவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். புருஷன் ஓரடி பின்வாங்கினான். அவன் கையைப் பிடித்து விரித்து, ஊசியையும் சணலையும் அதில் வைத்தாள்.

“சாயங்காலம் அடுத்த லாரி. தைங்க.”

கூலி போன ஆத்திரத்தில் அவனே தைக்க உட்கார்ந்துவிட்டான். நாலு தையல் போடுவதற்குள் ஊசி விரலில் ஏறியது. விரலைச் சப்பிக்கொண்டே, “சீ, இதெல்லாம் ஒரு வேலையா,” என்று முனகினான்.

“வேலையே இல்லன்னுதானே கை தூக்குனீங்க,” என்றாள். “சீக்கிரம் முடிங்க. லாரி நிக்காது.”