கடிதத்தில் ஒரு காலியிடம்

எங்கள் பள்ளிவாசல் கணினியில் ஒரு கடிதம் இருக்கிறது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ ஒருத்தன் அல்லாவின் பெயரைக் கத்திக்கொண்டு நாலு பேரைக் கொன்றால், அமெரிக்காவில் அயோவாவின் சோளக்காட்டு நடுவில் இருக்கிற நாங்கள் அதைத் திறப்போம். எங்கே நடந்தது என்பதற்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். அதை நிரப்பி, ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலில் கல் விழாமல் இருக்க வேண்டுமே என்று காத்திருப்போம்.

கடிதத்தை எழுதி வைத்தவர் பல் டாக்டர் முஸம்மில். சூடான்காரர், பள்ளிவாசல் தலைவர், தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிற நல்ல மனிதர். செயலாளர் நான். பெயர் நிஹாதா, போஸ்னியாக்காரி. பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன்.

எங்களவர்களைப் புதைக்க இங்கே இடம் கிடையாது. யார் இறந்தாலும் சிகாகோ பக்கம் நாலு மணி நேரம் கொண்டுபோக வேண்டும். என் கணவர் என்வருக்கு ஈரலில் புற்றுநோய். கோடை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். என்வர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னை இங்கயே போட்டுடு நிஹாதா. காலைல பசங்களை இறக்கி விட்டுட்டு, காலி பஸ்ஸோட வந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போ. சிகாகோவுல போட்டா நீ எப்ப வருவே?”

அதற்காகத்தான் ஊருக்கு வெளியே எட்டு ஏக்கர் வாங்கினோம். அதில் அடக்கம் செய்ய ஊர்க் குழுவின் அனுமதி வேண்டும். குழுவில் ஐந்து பேர். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு விசாரணை. அதற்கு இரண்டு நாள் முன்னால், கடல் தாண்டி ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பாவி கத்தியோடு புகுந்துவிட்டான். அடுத்த நாள் பேருந்தில் ஏறின பிள்ளைகளின் அம்மாக்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நகர மன்றத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். முதலில் எழுந்தவர் டேல், நாங்கள் வாங்கிய நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர்.

“இவங்க பெட்டி வைக்காம புதைக்கிறவங்க. எங்க போர் தண்ணி என்ன ஆகும்? எனக்கு மதம் கிதம் எல்லாம் பிரச்சினையே இல்ல. தண்ணிதான்.”

தண்ணி என்றால் தண்ணி இல்லை என்று அந்த மன்றத்தில் இருந்த நாற்காலிக்குக்கூடத் தெரியும்.

முஸம்மில் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். “முதல்ல இதைப் படிச்சிடுங்க சகோதரி. அப்புறம் நிலத்தைப் பத்திப் பேசுங்க. இதைக் கேட்டா அவங்க மனசு இளகும்.”

வாசலில் நின்று மனசுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. தாளைப் பார்த்தபடியே ஒலிபெருக்கியில் படித்தேன். “கிறிஸ்துமஸ் சந்தையில் கூடியிருந்த அப்பாவி மக்கள்மீது நடத்தப்பட்ட கொடூரத் தாக்குதலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.”

மன்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூன் மாதத்தில் ஏது கிறிஸ்துமஸ் சந்தை? அவசரத்தில் முஸம்மில் பழைய கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுவந்துவிட்டார். அது எந்த வருஷத்துக் கண்டனமோ! பாவம் மனிதர், தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஓ, ஸ்டாக் வச்சிருக்கீங்க போல,” என்றார் டேல்.

குழுத் தலைவி லொரெய்ன் மேசையைத் தட்டிக் கூட்டத்தை அடக்கினார். அவருடைய மகனை நான்தான் ஆறு வருஷம் பள்ளிக்கு ஏற்றிப்போனேன்.

“பரவாயில்ல நிஹாதா. நீ நல்லவள்னு எங்களுக்குத் தெரியும்மா. இப்ப அந்த ரயில்வே ஸ்டேஷனைச் சொல்லி ஒரு வார்த்தை கண்டிச்சிடு. எனக்கு ஓட்டுப் போடவும் சுலபமா இருக்கும்.”

இரண்டு பேர் எங்கள் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம் என்று ஊருக்கே தெரியும். அவருடைய ஒரு ஓட்டில்தான் என்வரின் குழி இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். அது வரவில்லை. வந்தது வேறு.

“சொல்ல மாட்டேன்.”

“என்னது?”

“அங்க செத்தவங்களுக்காக நேத்து என் வீட்ல உக்காந்து அழுதேன். அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல. உங்ககிட்ட காட்டி ரசீது வாங்க இல்ல.” ஒலிபெருக்கியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “போஸ்னியாவுல சண்டை நடந்தப்ப என் மாமனாரை வீட்டு வாசல்ல வச்சுச் சுட்டவன் கழுத்துல சிலுவை தொங்கிச்சு. இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. ‘முதல்ல அவனைக் கண்டிச்சு ஒரு கடுதாசி குடுங்க, அப்புறம்தான் உங்க புள்ளைங்களை பஸ்ஸுல ஏத்துவேன்’னு உங்க சர்ச் வாசல்ல வந்து நின்னேனா? அவன் வேற, நீங்க வேறன்னு எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுக்க எனக்குக் கடுதாசி வேண்டியிருக்கல.”

யாரும் சிரிக்கவில்லை. டேல் பக்கம் திரும்பினேன்.

“கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கொட்டற பனியில உங்க போர் மோட்டாரைக் கழட்டி மாட்டினது யாரு டேல்? என் வீட்டுக்காரர். உயிரோட இருக்கறப்ப உங்க தண்ணியை ஓட வச்சவரு, செத்த பிறகா அதைக் கெடுக்கப்போறாரு?”

டேல் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். லொரெய்னின் முகம் இறுகிவிட்டது. அவர் எங்களுக்கும் போடவில்லை, எதிராகவும் போடவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை வரட்டும் என்று ஜூலை பதினாலாம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் முஸம்மில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு வரி சகோதரி! சொல்லித் தொலைச்சிருந்தா இந்நேரம் கையில அனுமதி இருந்திருக்கும். என்வர்கிட்ட அதுக்கு நேரம் இருக்கா?”

வீடு வரும்வரை என் வாயை நானே திட்டிக்கொண்டு வந்தேன். என்வர் கேட்டதோ ஆறடி மண். என் ரோஷத்துக்கு அவரைப் பணயம் வைத்துவிட்டேனே!

என்வர் தலையணையில் சாய்ந்து, காப்பியில் சர்க்கரைக் கட்டியைத் தோய்த்துக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கிறிஸ்துமஸ் சந்தை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வரும்வரை சிரித்தார். தன் அப்பாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்புப் பண்ணிட்டேனா என்வர்?”

“அந்த வரியைச் சொல்லி வாங்கின குழியில என்னால நிம்மதியாப் படுத்திருக்க முடியாது. எந்தத் தேதின்னு சொன்னே?”

“ஜூலை பதினாலு.”

“அப்ப அதுவரைக்கும் சாகக் கூடாது, அவ்வளவுதானே? நானே வரேன். தண்ணி கெட்டுப்போகும்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்.” கோப்பையைக் கீழே வைத்தார். “என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வை.”

அதற்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. நான் எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினேன்.