சந்தனத்தில் ஒரு சக்கரம்

அவ்வூரில் நோயாளிகள் மருத்துவமனைக்குப் போவதில்லை. அவர்களுடைய விரல் ரேகை பதிந்த தம்ளர் போகும். அதற்குச் சீட்டு எழுதி, படுக்கை ஒதுக்கி, ரேகைமீது மருந்து தடவுவார்கள். வீட்டிலிருப்பவர் குணமடைவார்.

ஐயாறப்பருடைய மனைவி தையல்நாயகிக்குச் சில நாளாக நெஞ்சில் தளர்ச்சி. அவள் மோதிர விரலில் இருந்த ரேகைச் சக்கரம் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்துவந்தது. கடைசிச் சுற்றும் அவிழ்ந்தால் இதயம் நின்றுவிடும். நேற்று ஐந்து சுற்று இருந்தது. இன்று காலை மூன்று. அவர் அவளுடைய தம்ளரைத் துணிப்பையில் ஏந்திக்கொண்டு புறப்பட்டார்.

டாக்டர் பெனிட்டா தம்ளரைப் பூதக்கண்ணாடியில் உருட்டிப் பார்த்தார்.

"ஐயா, இதுல உங்க ரேகைதான் இருக்கு. அம்மாவோடது ஒண்ணுகூட இல்லை."

ஐயாறப்பர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"புளி போட்டுத் தேய்ச்சுதாங்க அனுப்பினேன். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு எச்சில் தம்ளரையா கொடுத்துவிடுவாங்க?"

"உன் உயிரையே தேய்ச்சு அனுப்பியிருக்கியே, தையல்!"

"பளிச்சுனு இருக்கா இல்லையா?" என்றவள், சற்றே குரல் தாழ்ந்து, "தேய்ச்சதுல விரல் வழவழன்னு ஆயிடுச்சு. இப்ப எதைத் தொட்டாலும் பதியலைங்க" என்றாள்.

ஐயாறப்பர் தொலைபேசியை வைத்தார். டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள்தோறும் பூசை முடிந்ததும் கணவர் நெற்றியில் திருநீறு பூசி, நடுவே மோதிர விரலால் சந்தனம் வைப்பது தையல்நாயகியின் வழக்கம். இன்றும் பாத்திரம் தேய்க்க உட்காருமுன் வைத்திருந்தாள். காய்ந்த சந்தனத்தில் மூன்று சுற்றுச் சக்கரம் தெளிவாகப் பதிந்திருந்தது.

"நெற்றியை உள்ள சேர்க்கணும்" என்றார் டாக்டர்.

"கூட நானும் இருக்கலாமா?"

"இன்னைக்கு ஒருநாள் இருங்க. ஆனா கவலைப்படக்கூடாது. நெற்றி சுருங்கினா சக்கரம் உடைஞ்சிடும்."

நாற்பத்தோராண்டு உடன் வாழ்ந்தவள் போய்விடுவாளோ என்று எண்ணாமல் மல்லாந்து படுத்திருப்பது எளிதன்று. பதிகம் சொல்லிப் பார்த்தார். 'அஞ்சேல்' என்னும் சொல் வந்த இடத்தில் அச்சமும் உடன் வந்தது. புருவம் நெளியத் தொடங்கியது. உடனே அலமாரிமேல் இருந்த தம்ளரைப் பார்த்தார். எத்துணைப் பளிச்சென்று இருந்தது! மரணம் வாசலில் நிற்கையிலும் தம்ளரின் மானத்தைக் காத்தவள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பினால் நெற்றி சுருங்கவில்லை.

டாக்டர் மயிலிறகால் மருந்தெண்ணெய் தொட்டு, அவிழ்ந்த கோடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சேர்த்தார். மாலைக்குள் நான்கு சுற்று. மறுநாள் விடிகையில் ஐந்து. ஏழு மணிக்குத் தையல்நாயகி திருநீற்றுப் பையும் சந்தனக் கிண்ணமுமாகத் தானே நடந்து வந்தாள்.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் ஐயாறப்பர்.

"இல்லைங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"அம்மா தேறிட்டாங்க" என்றார் டாக்டர். "ஐயா வீட்டுக்குப் போகலாம். நெற்றி மட்டும் இன்னும் பத்து நாள் இங்கேயே இருக்கட்டும்."

ஐயாறப்பர் கையொப்பமிட்டு, நெற்றியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் காலைதோறும் இருவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். பார்வையாளர் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே தையல்நாயகி போய் நெற்றிக்குத் திருநீறு பூசிச் சந்தனம் வைத்து வரும்வரை, அவர் வாசலில் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.