காற்றோடு ஓடிய எல்லைக்கோடு

பாய்மரப் படகுப் போட்டி என்ற யோசனை எங்கள் பிரின்சிபாலுக்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வண்ணப்படத்திலிருந்து வந்தது. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இருந்தது. படகு மட்டும் இல்லை. அதற்கென்ன, பரிசலில் ஒரு மூங்கிலை நட்டுத் துணி கட்டினால் ஆயிற்று என்றார். பரிசல் வட்டமானது, அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்பதைப் பத்திரிகை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. மறுநாள், ஜெயிக்கிறவர்களுக்கு வருகைக் குறைவு மன்னிக்கப்படும் என்று அறிவித்தார். சாயங்காலத்துக்குள் பாதிக் கல்லூரி மாலுமியாகிவிட்டது.

என் அறைத்தோழன் ஜெபதுரை அந்த வருஷம் வகுப்புக்கு வந்துபோனதற்குச் சாட்சிகள் குறைவு. வருகை போதாவிட்டால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாவிட்டால் ஊத்தங்கரைக்குத் திரும்பி வெள்ளாடு மேய்க்க வேண்டும் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். ஆடுகளைக்கூட வாங்கிவிட்டாராம். எனக்கு வருகை தேவைக்கு மேலேயே இருந்தது. பரிசல் ஒருபக்கம் சாயாமல் இருக்க ஒரு கனம் வேண்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டான்.

பாய்க்கு, சர்ச்சில் கெஞ்சிக் கிறிஸ்துமஸ் நாடகத் திரையை வாங்கி வந்தான். அதில் பெத்லகேம் தொழுவம். நடுவில் ஒரு மாடு, எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஐப்பசி. மேல்காற்றுக்குப் போக மனமில்லை, கீழ்க்காற்றுக்கு வரத் துணிவில்லை. போட்டியன்று காலை மேல்காற்றுதான். மேற்குக் கரையில் புறப்பட்டு, கிழக்கே அணையோரம் பந்தலில் உட்கார்ந்திருந்த பிரின்சிபாலை அடைய வேண்டும்.

விசில் ஒலித்தது. சூளகிரி முனிவேல் என்.சி.சி. உடுப்போடு முதல் ஆளாகப் பறந்தான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நாங்கள் கொஞ்ச தூரம் போய் நின்றோம். பிறகு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தோம். மாடு கரையையும் அணையையும் மாறி மாறிப் பார்த்தது.

கரையில் வேர்க்கடலை விற்ற வெங்கடம்மாள், "ஏம்பா, மாடு கட்டுத்தறிய வுட்டு வரமாட்டேங்குதா?" என்று கேட்டாள்.

கேலிக்குத்தான் கேட்டாள். ஜெபதுரையின் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் பரிசல் அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து, அதன் அடியோரத்தில் கயிறு போட்டு, தண்ணீருக்குள் இருந்த ஒரு புளியமரக் கட்டையில் கட்டியிருந்தான். காலையில் அவிழ்க்க மறந்துவிட்டான். வீட்டில் எருமைக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். கத்தி இல்லை, இருவருக்கும் நீச்சலும் தெரியாது.

"வுட்றா. ஆட்டுக்குப் பேரு யோசிக்கலாம்" என்றான்.

அந்த நேரம் காற்று நின்றது. பிறகு கிழக்கிலிருந்து அடித்தது. பாதி வழி போயிருந்த பரிசல்கள் பம்பரமாய்ச் சுழன்றபடி திரும்பின. பிரின்சிபால் யோசித்தார். எல்லைக்கோட்டை நகர்த்தக் கூடாது என்று பத்திரிகையில் எங்கும் போடவில்லை. கோப்பை, நாடா, நாற்காலி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்துவிட்டார்.

மற்ற பரிசல்களைக் காற்று வடக்கே ஒதுக்கி, முள்காட்டில் செருகியது. எங்களை மட்டும் கயிறு ஒழுங்காக வைத்திருந்தது. டிரில் மாஸ்டர் நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் அதில் போய் இடித்தோம்.

உடம்பெல்லாம் முள்ளோடு முனிவேல் நடந்தே வந்து சேர்ந்தான். "சார், இவனுங்க கெளம்பவே இல்ல சார். அந்தக் கயித்தப் பாருங்க."

பிரின்சிபால் கயிற்றைப் பார்த்தார். நாங்கள் இந்த இடத்தை விட்டு எங்கேயும் போகவில்லையா என்று கேட்டார்.

ஜெபதுரை கைகட்டி நின்றான். "இல்லீங்க சார். விசில் அடிச்சதுலருந்து இங்கயேதான் இருந்தோம். வருகைக்கு அதுதானே சார் வேணும்?"

முனிவேல் விடாமல், தான் எங்கெங்கே போய்வந்தான் என்று விவரித்தான். அது அவனுக்கு நல்லதாக முடியவில்லை.

"அதாவது, நீ இங்கே இல்லை" என்றார் பிரின்சிபால்.

வருகை எங்களுக்குத்தான். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜெபதுரை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாடினான். காவேரிப்பட்டணத்துப் பக்கம் திடீரென்று பாட்டு நின்றது.

"டேய், அப்ப நெஜமாவே பரீட்ச எழுதணுமா?"

ஆமாம் என்றேன். என்னென்ன பாடம் என்று கேட்டான். சொன்னேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தவன், வெள்ளாடு ஒன்றும் அவ்வளவு மோசமான பிராணி இல்லை என்றான்.