நான் கட்டிவிட்ட பேய்க்கதை

நல்லதைச் சொன்னால் எவன் கேட்கிறான்? அண்ணனூர் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் இருந்தும் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜனம் தண்டவாளத்தில் இறங்கித்தான் கடக்கும். எதிர்வீட்டு வனஜாவின் மகள் கிருஷ்ணப்பிரியா அப்படிக் கடக்கும்போதுதான் ரயிலில் அடிபட்டுச் செத்தாள். பத்தொன்பது வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எச்சரிக்கைப் பலகை வைத்தேன். அதன்மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டினார்கள். இதுகள் பேய்க்குத்தான் பயப்படும் என்று டீக்கடையில் ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் ஆறரைக்குத் தண்டவாளத்தில் ஒரு பெண் நின்று மணி என்ன என்று கேட்கிறாளாம், பதில் சொன்னவனுக்குக் காய்ச்சலாம். பெயர் எதுவும் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் அது வாட்ஸ்அப்பில் எனக்கே திரும்பி வந்தது. பெண்ணுக்கு மஞ்சள் துப்பட்டாவும் கிருஷ்ணப்பிரியா என்ற பெயரும் சேர்ந்திருந்தன. நேரில் பார்த்தவன் ஒருவனும் இல்லை. மச்சான் பார்த்தான், மச்சானின் சிநேகிதன் பார்த்தான். நம் ஆட்களுக்கு அது போதாதா? அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எல்லோருக்கும் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நம்புவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. மேம்பாலத்தில் கூட்டம் நெரிந்தது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் வனஜாவைப் பார்த்தேன். தண்டவாளத்தை ஒட்டி, ஜல்லிமேல் தனியாக நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உடுண்ணா. எம்பொண்ணு இங்கதான் கீறாளாம். ஊரே பாத்துகீது. நாலு நாளா வந்து நின்னுகினு கீறேன், என் கண்ணுல மட்டும் படமாட்டேன்றா."

ஆவடிப் பக்கமிருந்து ஹார்ன் கேட்டது. இனி மறைத்தால் நான் மனுஷனில்லை.

"வனஜா, அவ இங்க இல்லம்மா. அந்தக் கதைய நான்தான் கட்டிவிட்டேன். எல்லாம் பொய்."

அறைவாள் என்று நினைத்தேன். என்னோடு பிளாட்பாரம் ஏறினாள். ரயில் வந்து போயிற்று. மகளை இரண்டாம் தடவையாகக் கொன்றுவிட்டேன் என்றே பட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்தானேண்ணா சொன்ன. வர்றவன் போறவன்கிட்டல்லாம் மணி கேட்டாள்னு சொன்னியே, 'எங்கம்மா எங்க'ன்னு கேட்டாள்னு ஒரு வார்த்த சேத்து சொல்லியிருக்கக் கூடாதா?"