வெட்டுவதற்கான முகம்

பால் வாங்கப் போன சேவியர் பால் இல்லாமல் திரும்பி வந்தான். கையில் பேப்பர் இருந்தது.

"இன்னா சாந்தி பண்ணி வெச்சிருக்க? மார்க்கெட் பூரா இதான் பேச்சு. டெய்ரிக்காரன் என்னைப் பாத்து கையெடுத்துக் கும்புடறான்."

சாந்தகுமாரி முதல் பக்கத்தைப் பார்த்தாள். கீழே வலது மூலையில் அவளுடைய கார்ட்டூன் கட்டம். ஒரு தண்ணீர் லாரி. அதைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது பாவூ. மராத்தியில் அண்ணன் என்று அர்த்தம்; ஊர் முழுக்க அப்படித்தான் அந்த வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டது. முறுக்கிய மீசை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்குத் தங்கம். எல்லாம் இருந்தது. ஒன்றும் எடுக்கப்படவில்லை.

"உன் புருஷன்னு தெரிஞ்சா என்னையும் சேத்து அடிப்பானுங்க," என்றான் சேவியர். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

எதையாவது எடுக்காமல் ஒரு படத்தை அச்சுக்கு அனுப்ப செய்தி ஆசிரியர் ஸ்வாமிநாதனால் முடியாது. ஆரம்பத்தில் அவர் எடுத்ததெல்லாம் படத்தின் உயிராக இருந்தது. ஒரு செருப்பு, ஒரு பல், காலியான ஒரு நாற்காலி. பிறகு அவள் கற்றுக்கொண்டாள். எடுப்பதற்கென்றே ஒன்றை வரைந்தாள். போலீஸ்காரரின் தலையில் பேப்பர் முதலாளியின் சொட்டை. மந்திரியின் மடியில் அவர் மச்சினன். ஸ்வாமிநாதன் பென்சிலின் பின்பக்கத்தால் அதைத் தொட்டு, "இது வேண்டாமே" என்பார். அவள் வெள்ளை பெயிண்டைத் தடவுவாள். மற்றது பிழைக்கும். நேற்றைய படத்தில் பிழைக்க வேண்டியது அந்த வரிசை. லாரியைச் சுற்றி வளைந்து வந்து முதல் பெண் கடைசிப் பெண்ணின் பின்னால் நின்றாள். எது தொடக்கம் என்று தெரியாத வரிசை. ஒரு வாரமாக யோசித்தது. பாவூவின் முகத்தை நொடியில் போட்டாள். எடுக்கப்போகிற முகத்துக்கு யோசனை தேவையில்லை. காய்ச்சலாக இருந்ததால் படத்தை ஆபீஸ் வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு முடியாத நாட்களில் அவரே வெள்ளை அடித்துவிடுவார்.

பஸ்ஸில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆபீஸில் நேராக உள்ளே போனாள். ஸ்வாமிநாதன் அறையில் ஃபோன் ரிசீவரைக் கீழே எடுத்து வைத்திருந்தார்.

"ஜுரம் தேவலையா?"

"சார், எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எடுத்திருக்கணும்." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. யோசிக்காமல் வரைந்த படம், யாரையும் குறிப்பதல்ல, வருந்துகிறேன். கீழே அவள் பெயர். "முதலாளி பம்பாய்லேர்ந்து ரெண்டு தடவை பேசிட்டார். நாளைக்கு உன் கட்டத்துலயே இதைப் போடணுமாம். கையெழுத்துப் போட்டா கட்டம் உனக்கு. இல்லேன்னா திங்கக்கிழமைலேர்ந்து அங்க வேற ஆள். நீ திரும்ப லேடீஸ் பக்கத்துல ரவா லாடுக்குப் படம் போடலாம். அதுவும் அவர் இஷ்டம்."

ரவா லாடு. எத்தனை கிண்ணங்கள் வரைந்தாள், எத்தனை கோலங்கள், தலைமுடிக்குத் தடவும் எத்தனை கற்றாழைகள். அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் தலை நரைத்துவிட்டது.

"நான்தான் பாஸ் பண்ணேன்னு சொல்லிப் பாத்தேன். என் கையெழுத்து அவருக்கு வேண்டாமாம்."

"பாக்காம விட்டுட்டீங்களா சார்?"

"பாத்தேன். ரொம்ப நாழி பாத்தேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெனம் எனக்கு ஒரு பிஸ்கட் போடுவே. நானும் கவ்விண்டு போவேன். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

அவள் உட்கார்ந்தாள்.

"அந்த பிஸ்கட்டுலதாம்மா நீ நன்னா வரையறே. அந்த வரிசை, சுத்தல் எல்லாம் சரி. பாத்துட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவா. அந்த மூஞ்சியை அழிக்க நேத்திக்குக் கை வரலை."

"நீங்க அழிப்பீங்கன்னுதான் சார் வரைஞ்சேன்."

"தெரியும்."

"அழிக்க மாட்டீங்கன்னா வரைஞ்சிருக்கவே மாட்டேன்."

"அதுவும் தெரியும்," என்றார்.

கீழே கோஷம் கேட்டது. பாவூவின் பெயரும், தொடர்ந்து ஒரு வாழ்கவும். ஜன்னலுக்குப் போக இருவரும் எழுந்திருக்கவில்லை. தடவிய வெள்ளைக்கு அடியில் எத்தனை முகங்கள் கிடக்கின்றன என்று அவள் எண்ணப் பார்த்தாள். கை நடுங்காமல் போட்ட கோடுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. நடுங்காததற்குக் காரணம் இந்த மனிதர். அவர் மேல் கோபம் வந்தது. வந்த கோபம் அவரிடம் போய்ச் சேரவில்லை.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்வாமிநாதன் தாளை மடிக்காமல் டிராயருக்குள் வைத்தார். "பின்பக்கமாப் போயிடு. கேன்டீன் வழியா."

கேன்டீன் கதவைப் பயத்தில் யாரோ பூட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அவள் முன்பக்கமாக வந்தாள்.

வாசலில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லோர் நெற்றியிலும் குங்குமத் தீற்று. முன்னால் நின்றவன் கையில், படம் போட்டவன் முகத்தில் பூசுவதற்கு, கறுப்பு பெயிண்ட் டப்பா, மூடி திறந்து. அவளைப் பார்த்ததும் அதை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துப் போங்க தாயி," என்றான் மராத்தியில். "புடவையில பட்டுரும்." மற்றவர்களை முழங்கையால் தள்ளி வழி விட்டான்.

"அந்தப் படம் போடறவன் மேலதான் இருக்கானா?" என்று கேட்டான் இன்னொருவன். "எப்படி இருப்பான்? தாடிக்காரனா?"

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நின்றிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

"நான்தான்," என்றாள்.

அவர்கள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மறுபடி சொன்னாள். டப்பாக்காரன் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"புருஷனைக் காப்பாத்த வந்தீங்களா தாயி? நல்ல பொஞ்சாதி."

"உள்ள ஒளிஞ்சுக்கிட்டு பொம்பளையை அனுப்பறான் பாருடா."

"வீட்டுக்குப் போங்க. குக்கர் வெச்சிட்டு வந்திருப்பீங்க."

அவள் கை நீட்டி டப்பாவுக்குள் இரண்டு விரல்களை விட்டாள். பெயிண்ட் குளிர்ந்திருந்தது. அவன் தடுக்கவில்லை, கொட்டிவிடாமல் பிடித்துக்கொண்டான். வாசல் சுவரில் மீசையின் இடது முறுக்கைப் போட்டாள். அது வழிந்தது. வலது முறுக்கு வழிவதற்குள் கண்ணாடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் கறுப்பு இறங்கியது. கை நடுங்குகிறதா என்று பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

"அரே," என்றான் பின்னால் ஒருவன், தெருவில் தெரிந்தவரைக் கண்ட சந்தோஷத்தோடு. "நம்ம பாவூ!"

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மூக்கு இன்னும் பாக்கி. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். டப்பாக்காரன் அதை இன்னும் அவளுக்கு எட்டும்படியாகத்தான் பிடித்திருந்தான்.