இடது கண்

விமல்ராஜ் இறந்ததிலிருந்து சசிரேகா அந்தக் கண்ணாடி அலமாரியைத் திறக்கவில்லை. உள்ளே தூசி போகக்கூடாது என்று கதவின் இடுக்குகளில் டேப் ஒட்டி வைத்திருந்தாள். மார்கழியில் ஒட்டியது. இப்போது வைகாசி.

டேப்பை உரித்துக் கதவைத் திறந்தாள். புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அப்படி ஒரு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே ஜப்பான் கார்ட்டூன் பொம்மைகள். குடை பிடித்த பெண், கொம்பு முளைத்த பையன், முயலைத் தோளில் சுமந்த கிழவன். விமல்ராஜ் பொம்மை என்று சொல்லவிட மாட்டான். ஃபிகர் என்பான். கீழ்வீட்டுக்காரி அதை வைத்தே சசிரேகாவைச் சீண்டுவாள். "உன் வூட்டுக்காரரு இத்தினி ஃபிகர வூட்டுலயே வெச்சிக்கினு கீறாரு. நீ இன்னாடான்னா நிம்மதியா நைட் ஷிஃப்ட் போற."

குடைக்காரி முன்பக்கம் சாய்ந்து கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். சசிரேகா அவளை நிமிர்த்தினாள். விரல் ஒட்டியது. பக்கத்துப் பொம்மையைத் தொட்டாள். அதுவும் ஒட்டியது. எல்லாமே ஒட்டியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விமல்ராஜ் கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுவான். "வெயிலுக்கு பிளாஸ்டிக்ல கீற எண்ண வெளிய வரும். காத்து பட்டா போயிடும். மூடி வெச்சா அது மேலயே உக்காந்துக்கும்" என்று சொல்லியிருக்கிறான். சொன்னபோது அவள் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடித் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் சாத்திய அறையில், ஒரு கோடை முழுக்க அவற்றை அவள் புழுங்கவிட்டிருந்தாள். பத்திரம் என்று நினைத்து.

மாதக் கடைசியில் சுங்குவார்சத்திரத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். மாமியார் கிளியம்மாள் மணிமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள். சசிரேகா கம்பெனி ஹாஸ்டலுக்கு. அங்கே ஒரு கட்டில், ஒரு சின்ன லாக்கர். துணிமணி போக ஒரு பொம்மைக்குத்தான் இடம் இருக்கும். மற்றதெல்லாம் விமல்ராஜோடு வேலை பார்த்த கார்முகிலுக்கு. அவன் வீட்டில் ஏசி உண்டு. அவனுக்கும் இதே பைத்தியம். இன்று மதியம் அட்டைப்பெட்டிகளோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

எந்த ஒன்று என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. மேல்தட்டில், வெள்ளி முடியோடு, வாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள்.

வரும்போதே அவளுக்கு இடது கண் கிடையாது. யாரிடமோ கைமாறிக் கைமாறி, கீறல் விழுந்து வந்தவள். கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் விமல்ராஜுக்கு டச்-அப் வேலை. வரிசையாக எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில், மற்றவர் பார்வைக்குத் தப்பிய புள்ளியைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வான். வீட்டில் பிரஷ்ஷின் முடியை வெட்டி வெட்டி மூன்று முடியில் கொண்டுவந்து நிறுத்தினான். புரட்டாசி முழுக்க அந்தக் கண்ணோடு உட்கார்ந்தான். வரைவான். பிடிக்காது. அழித்துவிட்டு மறுபடி வரைவான்.

"சோறு ஆறிப் போவுது" என்பாள் கிளியம்மாள். "பெரிய ஸ்தபதி இவுரு. கண்ணு தொறக்குறாரு."

"தொறந்ததும் மொத பார்வ உன் மேலதாம்மா. கேட்டத குடுக்கும்."

"அப்ப சசிக்கு ஒரு புள்ளய குடுக்கச் சொல்லு."

கண் திறந்தது. வலது கண்ணுக்குச் சரியான ஜோடி. ஆனால் ஒரு பொட்டு ஊதா கூடுதல். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டு அப்போதுதான் நிமிர்ந்தவள் போல இருந்தாள். பெயின்ட்டுக்குக் காப்பாக மேலே கிளியர் கோட் அடிக்க வேண்டியது மட்டும் பாக்கி. "மழ வுடட்டும். ஈரத்துல அடிச்சா வெளுத்துடும்" என்றான். மழை விடவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது, ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே, லாரி.

அவன் கையால் ஆனது என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. அவன் சரிசெய்த கார்கள் எந்தெந்த ஊரிலோ ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது அந்த முகமும் எண்ணெய் வழிந்தது போலப் பளபளத்தது. இப்படியே எடுத்துப் போனால் லாக்கருக்குள் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சசிரேகா கார்முகிலைக் கேட்கலாமா என்று யோசித்தாள். பிறகு, இது என்ன, தினம் செய்கிற வேலைதானே என்று தோன்றியது. அவள் வேலை பார்க்கும் ஃபோன் கம்பெனி லைனில், கண்ணாடிமேல் பசை ஒட்டினால் ஐ.பி.ஏ. என்கிற ஸ்பிரிட் போட்டுத்தான் துடைப்பார்கள். ஒரு சொட்டு போதும், பசை இருந்த இடம் தெரியாது. பஸ் ஸ்டாப் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடைக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் ஐ.பி.ஏ.வும் நூல் பிரியாத வெள்ளைத் துணியும் வாங்கி வந்தாள்.

முதலில் வாள். பிசுக்கு போய்விட்டது. பிறகு முடி, தோள், முழங்கால். தொட்டால் வழுவழுவென்று இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலை ஒழுங்காக நடப்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

துணியில் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, நனைத்து, முகத்துக்கு வந்தாள். ஒரே திசை, ஒரே இழுப்பு, திரும்பத் தேய்க்கக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு சூப்பர்வைசர் இவள் கையைத்தான் காட்டுவார். மூக்கின் ஓரத்திலிருந்து காது வரைக்கும் ஒரு இழுப்பு.

கண் இல்லை.

அந்த இடம் சுத்தமாக இருந்தது. துளி பிசுக்கு இல்லை.

அவள் பொம்மையைக் கீழே வைத்தாள். பாட்டிலை மூடினாள். துணியை ஜன்னல் கட்டையில் விரித்துப் போட்டாள். அதன்பின் செய்ய ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்திருந்தாள்.

கிளியம்மாள் மொட்டை மாடியில் துணி காயவைத்துவிட்டு உள்ளே வந்தாள். "இன்னாடி, சத்தத்தையே காணோம்?" குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"கண்ணு எங்க?"

"போயிடுச்சி அத்தை."

"எங்க போச்சி?"

கிளியம்மாள் திட்டுவாள் என்று சசிரேகா காத்திருந்தாள். கிளியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "பிசுக்குதான, ஒட்னா ஒட்டிக்கினு போவுது" என்றாள், பொம்மையைப் பார்த்து. "நம்ம வூட்டுல எது ஒட்டல?"

கார்முகில் வந்ததும் ஐ.பி.ஏ. பாட்டிலைத்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணி, இதயா போட்டீங்க? பாத்திரம் வெளக்குற லிக்விட வெதுவெதுன்னு தண்ணில கலந்து கழுவினா போதுமே. ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா? மேல கோட் இல்லாத பெயின்ட்டு, ஒரு வாட்டி தொடச்சாலே..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிகளை மடித்து மடித்து வைத்தான்.

"எங்கிட்ட போட்டோ கீது அண்ணி" என்றான். "அண்ணன் முடிச்ச அன்னிக்கே அனுப்பிச்சாரு. பெருசு பண்ணிப் பாத்தா ஒவ்வொரு கோடும் தெரியும். அதே மாதிரி போட்டுக் குடுத்துடறேன்."

"போடு. போட்டு நீயே வெச்சிக்கோ."

"அண்ணி, ஒண்ணாவது நீங்க எடுத்துக்கினு போங்க."

"அவுரு போட்டதுன்னுதாம்பா எடுத்துக்கினு போலாம்னு இருந்தேன்."

கார்முகில் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குமிழி உறையில் சுற்றி, பெட்டியில் படுக்க வைத்தான். குடைக்காரியின் குடையைத் தனியாகக் கழற்றிச் சுற்றினான். வெள்ளி முடிக்காரியைக் கடைசியாக வைத்து மூடினான். விரல்களெல்லாம் பிசுபிசுத்தன. துடைக்க எதையாவது தேடி, ஜன்னலில் கிடந்த துணியை எடுத்தான்.

"அத வெச்சிடு!"

சசிரேகா போட்ட சத்தத்தில் கிளியம்மாளே திடுக்கிட்டாள். கார்முகில் துணியை அப்படியே நீட்டினான். சசிரேகா இரண்டு முனைகளையும் பிடித்து வாங்கிக்கொண்டாள். அவன் ஒன்றும் புரியாமல் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

துணி காய்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் வாளின் அழுக்கு. நடுவில், ஒரே இழுப்பில், விரல் அகலத்துக்கு ஒரு கறை. கறுப்பில் தொடங்கி, பழுப்பாகி, முடிகிற இடத்தில் துளி ஊதா.

"இன்னாடி அது?" என்றாள் கிளியம்மாள்.

சசிரேகா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, துணியை மடிமேல் விரித்தாள். கிளியம்மாள் கறையைத் தொடப் போனாள். தொடவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள்.

"ஊதா" என்றாள்.