தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை

“மிஸ், வாப்பாவுக்குக் கேக்காத கதிரை எது?”

கண்டியில் உளவளத்துணை நிலையத்தின் சின்ன அறையில், நான்கு கதிரைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஹபீலா கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஆலோசகர் வீரம்மா பதில் சொல்வதற்குள் அவளுடைய வாப்பா ஜமால்தீன் எழுந்து வெளியே போய்விட்டார். குடும்பமாக உட்கார்ந்து பேசவென்று மூவரும் வந்த முதல் நாளும் கடைசி நாளும் அதுதான்.

அந்த வாரமே மடவளை முழுக்கக் கதை பரவியது. ஜமால்தீனின் பெண்சாதி றலியாவுக்குப் பைத்தியமாம், கண்டிக்கு மருந்தெடுக்கப் போகிறாளாம். நோன்பில் றலியா அயல் வீட்டுக்கு அனுப்பிய கஞ்சி மூடியபடியே திரும்பி வந்தது. சொந்தத் தங்கையின் கலியாணத்தில் மணப்பெண் பக்கத்தில் அவளை நிற்க விடவில்லை. ஜமால்தீன் எதையும் மறுத்துப் பேசவில்லை.

பதினொரு வருடம். அவர் மவுத்தாகிப் போனால், உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்குவதற்கு முன் பெண்சாதியிடம் ‘பொருந்திக்கொண்டேன்’, மன்னித்துவிட்டேன், என்ற வார்த்தையைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அன்று பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தபடியே றலியா அவருக்குச் சோறாக்கினாள், சாரம் துவைத்தாள். மாதம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் கண்டிக்குப் போய் வீரம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லி வந்தாள்.

இன்று விடிய, பேராதனை ஆஸ்பத்திரியில், மாரடைப்பு. லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம்.

அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த வீரம்மா, வீட்டில் பெண்களுக்கு நடுவே பாயில் றலியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பொருந்தலன்னு செல்லப் போறேன் மிஸ்.”

“ம்.”

“தடுக்க மாட்டீங்களா?”

“இத்தன வருசத்துல எதையாச்சும் தடுத்திருக்கேனாம்மா? பக்கத்துல இருக்கேன்.”

ஜமால்தீனை நானா என்று கூப்பிடும் தங்கை றம்லத் வீங்கிய கண்களோடு வந்து குனிந்தாள்.

“மச்சி, ஆம்புளையள் தூக்கப் போறாங்க. நானாவப் பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை செல்லு.”

“பொருந்தல.”

“மச்சி...”

“கேட்டிச்சா? பொருந்தல. வெளிய போய் அப்பிடியே செல்லு.”

ஓதிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பைத்தியத்துக்கிட்ட கேக்கப் போனாளே, அவளச் செல்லணும்.”

றலியா றம்லத்தின் முகத்தையே பார்த்திருந்தாள். அதில் வலி ஏறுவதைப் பார்க்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தாள். ஏறியது. ஆனால் றம்லத் திரும்பிப் பார்த்தது மூலையை.

“இவளுக்குப் பைத்தியம் ஒண்டும் இல்ல. அந்தக் கதைய ஊடு ஊடாக் கொண்டு போனது நான். நானா செல்லச் சொன்னாரு, செல்லினேன். நானா இவள அடிக்கிற சத்தம் எங்கட ஊட்டுக்கும் கேட்டிச்சி. தெரிஞ்சிட்டுத்தான் செல்லினேன்.”

திரைக்குப் பக்கத்தில் நின்ற ஹபீலா மாமியை இமைக்காமல் பார்த்தாள்.

வாசலில் ஆண்கள் கேட்டார்கள். “என்ன, பொருந்திட்டாங்களா?”

ஒரே ஒரு பொய் போதும், அண்ணன் மரியாதையோடு போவார். றம்லத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவட வாயால வரல. நான் இன்னொருக்கா அவளப் பத்திப் பொய் செல்ல மாட்டேன். தூக்குங்க.”

சந்தூக்கு படியிறங்கியது. கலிமாச் சத்தம் வளைவு தாண்டி மங்கியது. பெண்கள் எழுந்து றம்லத்தை விட்டுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். சுவரோரம் அவள் தனியாக இருந்தாள். அந்த இருப்பு றலியாவுக்கு நன்றாகத் தெரிந்த இருப்பு.

அவள் ஒரு கிளாஸ் பிளேன்டீ ஊற்றி, றம்லத்தின் கையருகே வைத்தாள். வீரம்மாவை வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மெத்தையை எடுத்துவிட்ட அவரது கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்ட பங்கப் பொருந்திட்டேன்,” என்றாள், மூச்சளவு குரலில். “புள்ளட பங்கு அவகிட்ட.”

வெளியே, கபுறடியில் அடக்கிவிட்டுத் திரும்பிய ஆண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. யாரோ வந்து மூடும்வரை அது வழிந்துகொண்டே இருந்தது.